யாரும் ஜெயிக்காத மாலை

எங்கள் ஊர் க்ரேன் ஃபோர்க்கில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் எனக்குத்தான் தெரியும் என்று ஒரு பேச்சு உண்டு. அபாண்டம். முதலில் ஆர்லிஸுக்குத் தெரியும், அவள் தபால் ஆபீஸில் இருக்கிறாள். எனக்கு அன்று மத்தியானம்தான் தெரியும். நான் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன். வெந்நீர்த் தொட்டியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடுகிறவர்கள் தாங்களாகச் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

நாங்கள் இரண்டு பெண்களும் கிடைத்ததைப் பரிமாறிக்கொள்கிற இடம் பள்ளிக்கூட மைதானம். இலையுதிர் காலம் முழுக்க வெள்ளிக்கிழமைதோறும் ஃபுட்பால். ஏழாவது வரிசை, ஐம்பது கெஜக் கோட்டுக்கு நேர் எதிரே, இருபத்தாறு வருஷமாக எங்கள் இடம். எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஃபுட்பால் என்றால் ஒன்றுதான்: தலையில் கவசம், தோளில் தலையணை மாதிரி ஒன்று, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற பையன்கள், அவர்கள் மேல் போய் விழுகிற பையன்கள். காலால் உதைத்து ஆடுவதற்கு இங்கே சாக்கர் என்று பெயர். மற்ற உலகம் அதை என்னவென்று கூப்பிடுகிறது என்பது மற்ற உலகத்தின் பாடு.

ஃபுட்பாலின் அருமையே அதன் இடைவெளிதான். ஆறு நொடி ஆட்டம், பிறகு அரை நிமிஷம் எல்லாரும் கூடி நின்று யோசிப்பார்கள். அந்த அரை நிமிஷங்களில்தான் இந்த ஊரின் சரித்திரம் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு சாதாரண விவாகரத்தை முதல் பாதியிலேயே முடித்துவிடலாம். பிள்ளைகள் இருந்தால் இரண்டாம் பாதியும் வேண்டும். சாக்கரில் இந்த வசதி கிடையாது. நாற்பது நிமிஷம் மூச்சுவிடாமல் ஓடுகிறது. எப்போது பேசுவது, எப்போது எழுந்து போய்த் தின்பண்டம் வாங்குவது? மனிதர்கள் உட்கார்ந்து பார்ப்பதற்காக யோசித்துச் செய்த விளையாட்டாகவே அது எனக்குப் படவில்லை.

ஊரில் மற்றவர்களுக்கு வேறு காரணங்கள் இருந்தன. கோல் விழுவதில்லை என்றார்கள். யாராவது லேசாகத் தொட்டால் சுருண்டு விழுகிறார்கள் என்றார்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, ஆட்டம் சமமாக முடியலாம், அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்பது. இதைக் கேள்விப்பட்டு என் மாமனார் ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை. இத்தனைக்கும் இதைச் சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு ஆட்டம்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட ஊரில்தான் பெத்தனி ஓட்டே ஆறு வருஷத்துக்கு முன்னால் பெண்கள் சாக்கர் அணி ஆரம்பித்தாள். உயிரியல் டீச்சர், முப்பத்தைந்து வயசு. கல்லூரிக்குப் போன இடத்தில் இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது என்று ஊரில் பேசிக்கொண்டோம். பத்தொன்பது பெண்கள் சேர்ந்தார்கள். ஆடுவதற்குக் கிடைத்த இடம், சந்தைத் திடலுக்குப் பின்னால் இருக்கிற மேய்ச்சல் நிலம். பந்து பெருச்சாளிப் பொந்தில் விழுந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கை விட்டு எடுக்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் அவரவர் வண்டியின் மேல்தான் உட்கார வேண்டும். வந்தவர்களும் பெற்றோர்தான், அதிலும் அம்மாக்கள்தான்.

இந்த வருஷம் பிப்ரவரியில் பள்ளி வாரியம் கூடி, அணியைக் கலைத்துவிடலாம் என்று பேச்செடுத்தது. வாரியத் தலைவர் ரோலண்ட் ப்ரெக்கன். விதை வியாபாரம், ஐந்நூறு மாடு, பள்ளிக் காலத்தில் ஃபுட்பால் ஆடி வீணாய்ப்போன ஒரு முழங்கால். கெட்ட மனுஷர் இல்லை. யாரும் பார்க்காத ஒன்றை எதற்காக நடத்துவது என்று கேட்டார். பெத்தனி எழுந்து, பெரிய மைதானத்தில் ஒரு ஆட்டம் கொடுத்துப் பாருங்கள், வருவார்கள் என்றாள். வருவார்கள், சூடாகச் சில்லிக் குழம்பு தின்றுவிட்டுப் பாதியில் போய்விடுவார்கள் என்றார் ரோலண்ட். கடைசியில் ஒரு ஏற்பாடு ஆனது. மார்ச் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை, பக்கத்து ஊர் ஓட்டர் க்ரீக் பெண்களோடு பெரிய மைதானத்தில் ஒரு நட்பு ஆட்டம். ஆட்டம் முடியும்போது இருக்கைகளில் இருநூறு பேர் இருந்தால் மைதானம் அணிக்கு. இல்லையென்றால் அணி கிடையாது. கலைக்கும் தாளில் பெத்தனியே கையெழுத்துப் போட வேண்டும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மறுநாளே அவள் என் கடைக்கு வந்தாள். அவளுக்கு வெட்ட ஒன்றும் வளர்ந்திருக்கவில்லை. தொட்டியில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடாமல் கூரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். முடித்துவிட்டு, "லவோன், இது ரகசியம். அதனால தயவுசெஞ்சு எல்லார்கிட்டயும் சொல்லுங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இருபத்தாறு வருஷத்தில் என் தொழில் திறமையை நேரில் மதித்துக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

சொன்னேன். நன்றாகவே சொன்னேன். அந்தச் செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு நூற்றெண்பது பேர் வந்திருந்தார்கள். கம்பளி, தொப்பி, ஃபிளாஸ்க்கில் காபி. தின்பண்டச் சன்னலில் கறியும் பீன்ஸும் போட்ட சில்லியும் பக்கத்திலேயே லவங்கப்பட்டை தூவிய ரொட்டிச் சுருளும். ஆற்றுப் பக்கமிருந்து பனிமூட்டம் மெல்ல வந்துகொண்டிருந்தது. நாரைகளுக்கு அது ஊருக்கு வந்து தங்கும் மாதம். பகலெல்லாம் சோள வயலில் மேய்ந்துவிட்டுப் பொழுது சாய்கிற நேரத்தில் ஆற்றுத் திட்டுகளுக்குத் திரும்பும். அதைப் பார்க்க எங்கிருந்தோ மனிதர்கள் காரில் வந்து குளிரில் நிற்பார்கள். நாங்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

மைதானமே கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. குளிர்காலத்தில் பழுத்துப்போன புல்லில் ஃபுட்பாலின் பழைய கெஜக் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. அவற்றின் மேல் சாக்கருக்கான வெள்ளைக் கோடுகள் புதுசாக. பெண்கள் பழைய கோடுகளை மதிக்காமல் அங்குமிங்கும் போய்வந்தார்கள். அளவெடுத்துக் கட்டிய வீட்டுக்குள் சுவர்களே இல்லாத மாதிரி நடந்துபோகிறவர்களைப் பார்ப்பதுபோல் இருந்தது.

ஒலிபெருக்கியில் டுவேன். முப்பத்தொரு வருஷமாக எங்கள் ஃபுட்பாலைச் சொல்கிறவர். அவர் சொல்வது உள்ளூர் ரேடியோவிலும் போகும். முதல் பத்து நிமிஷம் பாவம், விடாமல் முயன்றார். எட்டாம் நம்பரிடம் பந்து, பன்னிரண்டுக்கு, மறுபடி எட்டுக்கு, இல்லை, அவர்களுடைய நாலுக்கு, மறுபடி எட்டுக்கு. மூச்சு வாங்கியது. எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு வாக்கியங்களை விட்டுவிட்டுப் பெயர்களை மட்டும் சொல்ல ஆரம்பித்தார். ஹாட்லி. ஜூன். ஹாட்லி. ரெய்லின். பனிக்குள் அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின.

நான் ஆர்லிஸிடம் மருந்துக்கடைக்காரரின் இரண்டாவது மனைவியைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம் சொல்லத் தொடங்கியிருந்தேன். ஒவ்வொரு முறையும் பாதி வாக்கியத்தில் பந்து எங்கள் பக்கம் வந்தது. கண் தானாகப் போய்விடும். திரும்பி வந்து பார்த்தால் வாக்கியம் இருக்காது.

"சொல்லித் தொலைடி. டிசம்பர்ல ஆரம்பிச்ச மாதிரி இருக்கு" என்றாள் ஆர்லிஸ்.

"எங்க விட்டேன்?"

"அவ டென்வர் போனா."

"யாரு?"

பந்து இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆர்லிஸின் கண்ணும் அதோடு போய்விட்டது.

பாதி நேரத்தில் ரோலண்ட் சொன்னபடியே ஆனது. சில்லி தீர்ந்தவர்கள் எழுந்தார்கள். கால் விறைக்கிறது, மாட்டுக்குத் தீவனம் போட வேண்டும், காலையில் வேலை என்று ஆளுக்கொரு காரணம். எங்கள் வரிசையிலேயே பாதி காலி. வாசல் பக்கம் ரோலண்ட் நின்றுகொண்டிருந்தார். கையில், மாடுகளைப் பட்டியிலிருந்து வெளியே விடும்போது தலைக்கு ஒரு அமுக்காக எண் ஏறுகிற சின்ன அமுக்கி. எண்ணுவதற்கு இன்னும் நேரம் வரவில்லை. ஆனால் கட்டைவிரல் தயாராக இருந்தது. எங்களைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். முகத்தில் சந்தோஷம் இல்லை என்பதை நான் கவனித்தேன். சரியாகச் சொன்னவருக்கு இருக்கிற அலுப்பு மட்டும் இருந்தது.

நானும் போயிருப்பேன். கம்பளிக்குள் கதகதப்பாக இருந்தது, அதனால் போகவில்லை.

இரண்டாம் பாதி எப்படிப் போனது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. சொல்ல முடியாமல் நான் உட்கார்ந்திருந்த நாற்பது நிமிஷம் அது ஒன்றுதான். ஒன்றும் நடக்கவில்லை. நடக்கப்போவது மாதிரியே இருந்தது. பந்து ஒரு பக்கம் போனது, திரும்பியது. எங்கள் பெண்களில் பாதிப் பேருக்கு நான் முதல் முடி வெட்டியிருக்கிறேன். அவர்கள் ஒருத்தியை ஒருத்தி கூப்பிடும் குரல் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தாழ்வாக, அவசரமில்லாமல், இருட்டில் ஒரே வீட்டுக்குள் தேடிக்கொள்கிற மாதிரி. தூரத்தில் சோள வயல்களிலிருந்து நாரைகளின் கரகரப்பு எழுந்தது. எங்களைச் சுற்றி யாரும் பேசவில்லை. ஸ்கோர் பலகையில் ஃபுட்பாலுக்கான கட்டங்களெல்லாம் அணைந்து கிடக்க, நிமிஷங்கள் மட்டும் குறைந்துகொண்டே வந்து பூஜ்யத்தில் நின்றன. ஊதல் ஒலித்தது. பூஜ்யம், பூஜ்யம்.

அப்போதுதான் அந்தத் தப்பு நடந்தது. தப்பு என்று சொல்கிறேன், ஆனால் டுவேன் இருந்த இடத்தில் எங்கள் ஊரில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். முப்பத்தொரு வருஷப் பழக்கம். ஃபுட்பாலில் சமமாக நின்றால் ஒருவர் ஜெயிக்கும் வரை கூடுதல் நேரம் ஆடுவார்கள். இங்கேயும் சமமாக இருக்கிறது, நேரம் முடிந்தாகிவிட்டது. மைக்கில் கனமான குரலில், "மக்களே, ஆட்டம் ஓவர்டைமுக்குப் போகிறது" என்றார்.

ரேடியோவிலும் அதேதான் போனது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளூர் ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனால், வீட்டில் இருக்கிறவர்கள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு வண்டி எடுப்பார்கள். என்ன ஆட்டம், யாரோடு என்பதெல்லாம் வந்து கேட்டுக்கொள்ளலாம். ஓவர்டைமை வீட்டில் உட்கார்ந்து கேட்டவன் என்று பெயர் எடுக்க யாருக்கும் இஷ்டமில்லை. ஐந்தே நிமிஷத்தில் நெடுஞ்சாலைப் பக்கமிருந்து வண்டி விளக்குகள் பனிக்குள் மங்கலாக ஒன்றன்பின் ஒன்றாக வர ஆரம்பித்தன. பாதி நேரத்தில் போனவர்களும் திரும்பி வந்தார்கள், எங்கேயுமே போகாதவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. எங்கள் வரிசை நிறைந்தது. மருந்துக்கடைக்காரரின் இரண்டாவது மனைவியே வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். நல்லவேளை, விஷயம் எனக்கு மறந்துபோயிருந்தது.

பத்து நிமிஷமாகியும் ஆட்டம் தொடங்கவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கீழே இறங்கிப் போனேன். பெத்தனி கோட்டோரத்தில் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டு நின்றாள். பின்னால் இருக்கைகளைப் பார்க்காமல் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டேன்.

"முடிஞ்சிருச்சு, லவோன். நட்பு ஆட்டத்துல ஓவர்டைம் கிடையாது."

யார் ஜெயித்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் வாய் பழகியிருந்தது. யாருமில்லை என்றாள். நடுவர் எங்கே என்றேன். கைகுலுக்கிவிட்டு அவர் கார் ஏறி ஐந்து நிமிஷமாகிறது என்றாள். ஓட்டர் க்ரீக்கின் பஸ் டிரைவர் மட்டும் எங்கோ சாப்பிடப் போயிருந்தார். அவர் வரும் வரைக்கும் குளிருக்காக இரண்டு ஊர்ப் பெண்களும் கோட்டை மாட்டிக்கொண்டு கலந்து பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் திரும்பி இருக்கைகளைப் பார்த்தேன். இருநூறுக்குக் குறையாது. வாசலில் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். ரோலண்ட் அமுக்கியைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தார். ஓவர்டைம் முடியட்டும் என்று.

"பெத்தனி, நான் சொல்றதைக் கேளு. வாயத் திறக்காத" என்றேன். என் வாழ்க்கையில் வேறு யாருக்கும் நான் கொடுக்காத யோசனை அது.

"பத்து நிமிஷமா அதைத்தானே பண்ணிட்டு நிக்கிறேன்." மைதானத்தில் இருந்த பெண்கள் பக்கம் தாடையை நீட்டினாள். "இந்தப் பொண்ணுங்களுக்கெல்லாம் தெரியும், லவோன். ஹாட்லி வந்து கேட்டா, ஏன் கோச் யாரும் வீட்டுக்குப் போகலன்னு. நான் அவகிட்ட என்ன சொல்றது?"

அவள் நேராக வாசலுக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன், எனக்கு அதில் சம்பந்தமில்லை என்றாலும்.

ஆட்டம் அப்போதே முடிந்துவிட்டது என்று பெத்தனி சொன்னதை ரோலண்ட் கேட்டு முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்கோர் பலகையைப் பார்த்தார். நிரம்பியிருந்த இருக்கைகளைப் பார்த்தார். எவ்வளவு நேரமாகிறது முடிந்து என்றார். பதினைந்து நிமிஷம் என்றாள். அப்போது எத்தனை பேர் இருந்தார்கள் என்றார். தொண்ணூறு இருக்கும் என்றாள்.

"சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது, டீச்சர்."

"ஆமா" என்றாள் பெத்தனி.

அவர் கொஞ்ச நேரம் அமுக்கியைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு, இவர்களிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், சொன்ன பிறகு யார் இருக்கிறார்களோ அவர்களை எண்ணுகிறேன், அதுதான் முடிவு என்றார். நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் அவர்மேல் எனக்கு அவ்வளவு எரிச்சல்.

பெத்தனி மேலே ஏறி டுவேனின் மைக்கை வாங்கினாள். ஆட்டம் ஏழரைக்கே முடிந்துவிட்டது, ஓவர்டைம் இல்லை, யாரும் ஜெயிக்கவில்லை, வந்ததற்கு நன்றி, பத்திரமாக வீட்டுக்குப் போங்கள் என்றாள். அவ்வளவுதான். மாநிலத்திலேயே மோசமான விளம்பரம்.

கூட்டம் அசையவில்லை. மேல் வரிசையிலிருந்து ஒரு குரல், அப்படியென்றால் நாம் தோற்றுவிட்டோமா என்று கேட்டது. இல்லை என்றாள் மைக்கில். அவர்கள் தோற்றார்களா? இல்லை. பக்கத்திலிருந்த இன்னொருவர், பின்னே இப்போது நான் என் தம்பியிடம் என்னவென்று சொல்வது என்றார். சிரித்தார்கள். சிலர் எழுந்தார்கள். கம்பளியை மடித்தார்கள். நானும் மடிக்க ஆரம்பித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நாரைகள் திரும்பின. மைதானத்துக்கு மேலாக, வரிசை வரிசையாக, பனிக்கு மேலே வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்த உயரத்தில். கீழே பெண்கள் நிற்கவில்லை. அவர்களுக்கு ஸ்கோர் இல்லை, நடுவர் இல்லை, எந்தப் பக்கம் கோல் என்றுகூட எனக்குப் புரியவில்லை. இரண்டு ஊர்ச் சட்டையும் கோட்டுக்குள் மறைந்திருந்தது. ஒருத்தி பந்தை உயரமாக உதைத்தாள். அது பனிக்குள் போய்க் காணாமல் போனது. மேலே பறவைகள் போய்க்கொண்டிருந்தன. பந்து இறங்கி வர ரொம்ப நேரமானது. எழுந்து நின்ற எல்லாரும் அது எங்கே விழும் என்று பார்த்தபடியே நின்றோம். விழுந்த இடத்தில் ஒருத்தி இருந்தாள். நெஞ்சில் வாங்கிக் காலடியில் இறக்கினாள், ஒரு சத்தமும் இல்லாமல். கூட்டத்திலிருந்து ஒரு மூச்சு வந்தது. நான் பார்க்கும்போது ஆர்லிஸ் மறுபடி உட்கார்ந்திருந்தாள். கம்பளியைப் பிரித்து என் முழங்காலிலும் போட்டாள்.

"குளிருதேன்னு உக்காந்தேன்" என்றாள், நான் ஒன்றும் கேட்காமலே.

ரோலண்ட் முதல் வரிசையிலிருந்து எண்ணத் தொடங்கினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், யாராவது ஒருவர் அவரைப் பார்க்க வேண்டுமே. அமுக்கி டிக் டிக்கென்று நாலாவது வரிசை வரை வந்தது. அப்புறம் நின்றது. அவர் கழுத்து மைதானத்தின் பக்கம் திரும்பியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அமுக்கியைப் பார்த்தார், பூஜ்யத்துக்குத் திருப்பினார், முதல் வரிசைக்குப் போனார். இரண்டாம் தடவை ஆறாவது வரிசையில் நின்றது. அந்த நேரம் மைதானத்தில் ஓட்டர் க்ரீக் பெண் ஒருத்தி பந்தோடு மூன்று பேரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை எங்கள் வரிசைக்கே வந்துவிட்டார். என்னை எண்ணினார், ஆர்லிஸை எண்ணினார். பிறகு எங்களுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் வீணாய்ப்போன முழங்காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

ஓட்டர் க்ரீக் பஸ் வந்து ஹாரன் அடிக்கிற வரைக்கும் அப்படியே இருந்தார். பெண்கள் கட்டிக்கொண்டு பிரிந்தார்கள். ஜனங்கள் மெதுவாக எழுந்து, ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொள்வது என்று தெரியாமல், வண்டிகளுக்குப் போனார்கள். பெத்தனி படியேறி எங்கள் வரிசைக்கு வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. எத்தனை என்று கேட்டாள்.

ரோலண்ட் அமுக்கியை அவளிடம் காட்டினார். நூற்றுப் பதினேழு. அவள் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். தாள் எங்கே, கையெழுத்துப் போடுகிறேன் என்றாள்.

"நூத்திப் பதினேழு இந்த வரிசை வரைக்கும்தான்" என்றார் அவர். "மேல பத்து வரிசை இருக்கு. அதுக்குள்ள பார்வை அங்க போயிருச்சு. மாடுன்னா ஒண்ணு பின்னால ஒண்ணு வரும், நான் எண்ணிருவேன். இங்க இது முடியல."

"அப்போ?"

"எண்ணாம எப்படி முடிவு பண்றது? மறுபடி எண்ணணும். உங்க அடுத்த ஆட்டம் என்னைக்கு?"

"வியாழக்கிழமை. சந்தைத் திடல்ல."

"அங்க நான் எங்க உக்காருவேன்?" என்று எரிந்து விழுந்தார் ரோலண்ட், தப்பு முழுக்க அவள்மேல் என்பது மாதிரி. "இங்கயே வைங்க. விளக்குப் போடச் சொல்லிடுறேன்."

அவர் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். பெத்தனி அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் இருந்தது அவள் மனசு. நான் அவளிடம் கேட்க வேண்டியது நிறைய இருந்தது. வியாழக்கிழமையும் அவர் எண்ண முடியாமல் போனால் என்ன ஆகும், அந்த டிரைவர் அத்தனை நேரம் எங்கே சாப்பிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. மைதானத்தில் யாருமில்லை. பனி கோடுகளின் மேல் வந்து படிந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.